மணிக்கு நாள் பார்த்தோம்

நம் வீட்டில் யாருக்காவது சீமையில் உத்தியோகம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு நிமிஷமே ஒரு காகிதத்தை எடுத்து ஜாபிதா போட ஆரம்பித்துவிடுவோம். பருப்புப் பொடி இரண்டு கிலோ, மாவடு ஒரு ஜாடி, அப்பளம் நாலு கட்டு, குக்கர் ஒன்று, குக்கருக்கு உபரி வளையம் இரண்டு. ஜாபிதா நீண்டுகொண்டே போகும். ஆனால் முகவாயை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டு வாசற்படியில் படுத்திருக்கிறதே ஒரு ஜீவன், வருகிற பெட்டியையும் போகிற பெட்டியையும் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு, அதை ஜாபிதாவில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதுதான், "ஐயையோ, நாயை என்ன செய்கிறது?" என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடையாது, சகோதரிகளே! நாலு மாதம் வேண்டும். சில தேசங்களுக்கு அதுவும் போதாது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இப்படிப் போயிற்று. கடைசி நாளன்று யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம். அந்த நாய் மறுநாளே ஓடிவந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல. அவர்களுக்கு நாள் கணக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மணி என் பெண் வீட்டு நாய். என்ன ஜாதி என்று கேட்காதீர்கள். 2017-ஆம் வருஷம் ஒரு மழை நாளில், மாம்பலத்தில் ஒரு காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை மாப்பிள்ளை துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அப்போது என் பேத்திக்கு வயசு இரண்டு. இரண்டும் ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவை.

2023-ஆம் வருஷத்துத் தீபாவளி முடிந்த கையோடு மாப்பிள்ளைக்கு லண்டனில் உத்தியோகம் ஆயிற்று. ஜனவரியில் போய்ச் சேரவேண்டும். கடிதம் வந்த அன்று சாயங்காலமே என் பெண் மணியை அழைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"வருஷா வருஷம் தவறாமல் ஊசி போட்டிருக்கிறோம், டாக்டர்!" என்று மணியின் ஊசிப் புத்தகத்தைப் பெருமையோடு நீட்டினாள்.

டாக்டர் புரட்டிப் பார்த்தார். "பேஷ்! ரொம்பச் சிரத்தையாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இது ஒன்றும் பிரிட்டனில் செல்லாது" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "புத்தகத்தில் மணிக்கு ஊசி போட்டதாக எழுதியிருக்கிறது. எந்த மணிக்கு? இந்த ஊரில் எத்தனை ஆயிரம் மணி இருக்கிறது?" என்று கேட்டார்.

வாஸ்தவம்தானே! நமக்குப் பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிறது. நாய்க்கு? அதற்குத்தான் 'மைக்ரோசிப்' என்று ஒன்று. ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். ஊசி வழியாக, இரண்டு தோள்களுக்கும் நடுவே தோலுக்கு அடியில் செலுத்திவிடுகிறார்கள். அதில் பதினைந்து இலக்கத்தில் ஓர் எண். படிக்கும் கருவியை முதுகுக்கு மேலே காட்டினால் எண் தெரியும். இந்த எண்ணைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு போட்ட வெறிநாய்த் தடுப்பு ஊசிதான் கணக்கில் சேரும். முன்னே போட்டதெல்லாம் மணியின் உடம்புக்கு நல்லது. சர்க்கார் காகிதத்துக்கு உதவாது.

வரிசை என்று ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் நிச்சயதார்த்தத்துக்கு முன் தாலி கட்ட முடியுமா? அதுபோலத்தான் இதுவும். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப். பிறகு வெறிநாய்த் தடுப்பு ஊசி. அப்போது குட்டிக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்கவேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுக்கவேண்டும். அந்த ரத்தத்தை, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். ஒரு மில்லி லிட்டர் ரத்த நீரில் நோய் எதிர்ப்புச் சக்தி அரை யூனிட்டாவது இருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். அதோடு ஆயிற்றா? ஆகவில்லை. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் முழுசாகக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விமானம்!

என் பெண் அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். டிசம்பர் 2-ஆம் தேதி சிப்பும் ஊசியும். ஜனவரி 3-ஆம் தேதி ரத்தம். ஏப்ரல் 3-ஆம் தேதிக்கு முன்னால் மணி இந்த ஊரை விட்டு நகர முடியாது.

"அவர் ஜனவரியில் போகட்டும். நானும் குழந்தையும் மணியும் ஏப்ரலில் போகிறோம். பள்ளிக்கூடமும் முடிந்துவிடும்" என்றாள்.

"நீங்கள் இருவரும் முன்னால் போய்விட்டு, மணியை நான் பிற்பாடு ஏற்றி அனுப்பினால் என்ன?" என்று கேட்டேன்.

அதற்கும் ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர் பிரயாணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்பின்னாக நாயும் பிரயாணம் செய்தால்தான் அது 'வீட்டு நாய்'. இல்லாவிட்டால் அது வியாபாரச் சரக்கு! அதற்கு வேறு சட்டம், வேறு காகிதம். "மணி சரக்கா, அம்மா?" என்றாள் என் பெண். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான் மூடிக்கொண்டால் போதுமா? ஊர் வாய் இருக்கிறதே! ஜனவரி முதல் வாரத்தில் மாப்பிள்ளை விமானம் ஏறினார். என் பெண்ணும் பேத்தியும் மணியும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பொங்கலன்று சம்பந்தி அம்மாள் வந்தாள். நல்ல மனுஷிதான். ஆனாலும் பிள்ளையைப் பெற்றவள் அல்லவா?

"ஒரு நாய்க்காகப் புருஷனைத் தனியாக விட்டுவிட்டு நாலு மாதம் இங்கே இருப்பதாவது! அவன் அங்கே குளிரில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். நீங்கள் சொல்லக்கூடாதா, சம்பந்தி?" என்றாள்.

நான் என்ன சொல்ல? அவள் கேட்டது நியாயம். என் பெண் செய்ததும் நியாயம். இரண்டு நியாயத்துக்கு நடுவில் நான் காபி கலந்துகொண்டிருந்தேன். என் பெண்தான் பதில் சொன்னாள், மெதுவாக: "அம்மா, உங்கள் பிள்ளைதான் இவனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். 'மணியை விட்டுவிட்டு வா' என்று அவர் சொல்லட்டும், நாளைக்கே போகிறேன்."

சம்பந்தி அம்மாள் அங்கேயே பிள்ளைக்கு டெலிபோன் செய்தாள். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. போனை வைத்துவிட்டு, "அவனுக்கும் பைத்தியம்தான்" என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். போகும்போது மணிக்கும் ஒரு கவளம் வைத்தாள்.

இதற்குள் மணியின் ரத்தம் ஐரோப்பாவுக்குப் பறந்துவிட்டிருந்தது. மணிக்கு முன்னால் அவன் ரத்தம் சீமையைப் பார்த்துவிட்டது! பரிசோதனை முடிவு வருகிறவரையில் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல ஒரு தவிப்பு. தேறாவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். ஜனவரி கடைசியில் கடிதம் வந்தது. மணி பாஸ்! பேத்தி தெருக்கோடிவரை ஓடிப்போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

பாஸாகிவிட்ட பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. டாக்டர் விளக்கினார். வெறிநாய்க் கிருமி கள்ளன் மாதிரி. உடம்புக்குள் புகுந்த பிறகு சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும். சில சமயம் அதற்கு மேலும். ஊசி போடுவதற்கு முந்தின வாரம் வேறொரு நாய் மணியைக் கடித்திருந்தால்? ரத்தப் பரிசோதனையில் அவன் தேறிவிடலாம். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். மூன்று மாதம் பொறுத்திருந்தால் கள்ளன் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவான். சர்க்கார் கேட்கிற மூன்று மாதம் வெறும் முரண்டு அல்ல. அந்தக் கள்ளனுக்கு வைத்திருக்கும் காவல்.

வெள்ளைக்காரர்கள் இந்தக் காவலை இன்று நேற்று வைக்கவில்லை. 1897-ல் அங்கே வெளிநாட்டு நாய்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1902-ல் தேசத்திலேயே அந்த நோய் இல்லை என்று ஆயிற்று. முதல் மகாயுத்தம் முடிகிற சமயத்தில், 1918-ல், மறுபடி தலைகாட்டிற்று. சிப்பாய்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் வந்த வினை என்கிறார்கள். அதை ஒழிக்க 1922 வரை ஆயிற்று. பிறகு நெடுங்காலம், அந்நிய நாய் எதுவானாலும் ஆறு மாதம் கூண்டுக் காவல்தான். ராஜா வீட்டு நாயானாலும் சரி, நட்சத்திர வீட்டு நாயானாலும் சரி. 1968-ல் சினிமா நட்சத்திரம் எலிசபெத் டெய்லர் லண்டனுக்கு வந்தபோது, தம் நாய்கள் கரையில் கால் வைத்தால்தானே காவல் என்று, தேம்ஸ் நதியில் ஒரு படகை நிறுத்தி அதிலேயே அவற்றைக் குடிவைத்தார்! 2000-ஆம் வருஷத்தில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் நாய்களுக்கு இந்தக் காவல் நீங்கிற்று. நம் தேசம் போன்ற இடங்களிலிருந்து போகிற நாய்களுக்கு 2012 ஜனவரியில்தான் விடிவு பிறந்தது. ஆறு மாதம் அந்நிய ஊரில் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதற்குப் பதில், மூன்று மாதம் நம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய சலுகை!

காத்திருந்த நாட்களில் ஒரு சோதனையும் வந்தது. பெட்டி ஏற்றுமதிக்கு ஏற்பாடு செய்யும் ஏஜெண்டு ஒருவர், பெயர் வேண்டாம். "எதற்கம்மா ஏப்ரல்வரை? ரத்தம் எடுத்த தேதியை ஒரு மாதம் முன்னால் போட்டு ஒரு காகிதம் தயார் பண்ணிவிடலாம். மார்ச்சிலேயே போய்விடலாம்" என்றார். புருஷனைப் பிரிந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு மாதம் என்பது லேசா? நான் என் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம், சார்" என்றாள். "லண்டனில் மணியோடு விளையாடப் போகிறது என் குழந்தை மட்டும் அல்ல. அடுத்த வீட்டுக் குழந்தையும் விளையாடும்."

ஏஜெண்டு போன பிறகு அவள் சமையலறைக்குள் வந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. சரியானதைச் செய்துவிட்டு அழுகிறவளுக்கு ஆறுதல் எதற்கு? ஒரு தம்ளர் மோர் கொடுத்தேன்.

பொய்க் காகிதம் கொடுத்தவர்கள் பட்டபாடு நமக்குத் தெரியாததல்ல. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு சின்ன நாய்கள் 2015-ல் சொந்த விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குள் சொல்லாமல் புகுந்துவிட்டன. விஷயம் வெளியாயிற்று. "நாய்களைத் திருப்பி அனுப்பு; இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம்" என்று அந்த நாட்டு மந்திரி சொல்லிவிட்டார். நாய்கள் அவசர அவசரமாக அமெரிக்கா திரும்பின. மறு வருஷம் அவருடைய மனைவி, உள்ளே நுழையும்போது கொடுத்த காகிதத்தில் உண்மையை எழுதவில்லை என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இருவரும் மன்னிப்புக் கேட்டு ஒரு படமும் எடுத்து வெளியிட்டார்கள். அவர்களாவது பணம் படைத்தவர்கள், தப்பித்தார்கள். காகிதம் சரியில்லாமல் பிரிட்டனில் போய் இறங்கிய நாயைத் திருப்பி அனுப்பலாம், அல்லது காவலில் வைக்கலாம். அந்தச் செலவு முழுதும் நம் தலையில்.

நீங்கள் போகிற தேசம் வேறாக இருந்தால் கணக்கும் வேறு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுபோகவே முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு தேசத்துக்குப் போய், அங்கிருந்து விதிகளை முடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அதிலும் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு 180 நாள் காத்திருப்பு. போய்ச் சேர்ந்தபின் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் காவல் வாசம். அமெரிக்கா 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் புது விதி வைத்திருக்கிறது. ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு அங்கே இடமில்லை. எல்லா நாய்க்கும் மைக்ரோசிப் வேண்டும். வெறிநாய்க்கடி மிகுந்த தேசங்களின் பட்டியலில் நாமும் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்குச் சர்க்கார் கால்நடை டாக்டர் ஒப்பமிட்ட சான்றும், ரத்தப் பரிசோதனையும் கேட்கிறார்கள். குறிப்பிட்ட சில விமான நிலையங்களில்தான் இறங்கலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் போனால் 28 நாள் காவல். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் அண்டை வீட்டார் சொன்னார், ஏஜெண்டு சொன்னார் என்று இருக்காமல், புறப்படுகிற சமயத்தில் அந்தந்தச் சர்க்காரின் அறிவிப்பையே படித்துவிடுங்கள்.

ஜாதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பிட் புல் முதலான ஐந்து வகை நாய்களுக்குத் தடை, ஐந்தாவதான எக்ஸ்.எல். புல்லி 2023 கடைசியில்தான் பட்டியலில் சேர்ந்தது. அதேபோல் மூக்குச் சப்பையான பக், புல்டாக் நாய்களை ஏற்றிக்கொள்ளப் பல விமானக் கம்பெனிகள் மறுக்கின்றன. அவற்றுக்கு மூச்சு விடுவதே கஷ்டம். வெயில் காலத்தில் ஆபத்து. டெலிபோன் விளம்பரத்தில் பார்த்துவிட்டு ஆசையாகப் பக் வாங்கியவர்கள் இதை யோசித்திருப்பார்களா? நீள மூக்கும் மெல்லிய தேகமுமான நம் தெரு நாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஜாதியில்லாதவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது!

மார்ச் மாதம் மணிக்குப் பெட்டி வந்தது. பெட்டிக்கும் அளவு உண்டு. நாம் ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல எடுக்கவேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குமிடம்வரை ஓர் அளவு. தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை ஓர் அளவு. இரண்டாவதில் பாதியை முதலாவதோடு கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப்போல் இரண்டு பங்கு பெட்டியின் அகலம். நின்றால் தலையோ காதோ மேலே இடிக்கக் கூடாது. எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே நிரப்பும்படி மாட்டியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பெட்டியைப் புறப்படுகிற அன்று காட்டக் கூடாது. நாங்கள் ஒரு மாதம் முன்பே கதவைக் கழற்றிக் கூடத்தில் வைத்தோம். மணியின் சாதத் தட்டை அதற்குள் வைத்தோம். என் பெண்ணின் பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து உள்ளே விரித்தேன். பத்தாம் நாள் மத்தியானத் தூக்கத்துக்கு அவனாகவே உள்ளே போனான். தூக்க மருந்து கொடுத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றார். ஆகாயத்தில் அது மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் பாதிக்குமாம்.

கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கிற வேலை பேத்தியுடையது. ஏப்ரல் 3-ஆம் தேதி தாளை அவள் கசக்கி எறியவில்லை. மடித்துத் தன் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டாள். தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள் முதல் கடைசி ஓட்டம். பிரிட்டன் கேட்கிற நமூனாவில் ஆரோக்கிய சர்ட்டிபிகேட். சர்க்கார் டாக்டர் கையெழுத்திட்ட பத்து நாளைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். குடிமாறிப் போகிறவர்களின் நாய்க்கு வரி விலக்கு உண்டு. அதையும் முன்கூட்டியே விண்ணப்பித்து மாப்பிள்ளை வாங்கிவைத்திருந்தார். கடைசியாக நாடாப் புழு மாத்திரை. இறங்குகிற நேரத்துக்கு 24 மணிக்குக் குறையாமலும் 120 மணிக்கு மேற்படாமலும் முன்னால் டாக்டர் கையால் கொடுத்து, நேரத்தை எழுதி வாங்கவேண்டும். வியாழக்கிழமை காலையில் வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தார். மணி பழத்தை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் துப்பினான்! இரண்டாம் பழத்தில்தான் உள்ளே போயிற்று.

செலவைக் கேட்காதீர்கள். மணியின் பிரயாணச் செலவு என் பெண்ணின் டிக்கெட்டைப்போலப் பல மடங்கு. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதில் கரைந்தது. பிரிட்டனுக்கு விமானத்தில் போகிற நாயை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. சரக்கோடுதான் பதிவு செய்யவேண்டும்.

ஏப்ரல் 20-ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலை விமானம். முதல் நாள் இரவே மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகையில் மணியைச் சேர்க்க நானும் அவரும் போனோம். அங்கே இருந்த பையன் கருவியை மணியின் முதுகில் காட்டி, பதினைந்து இலக்கத்தையும் ஒன்றொன்றாகப் படித்துக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தான். பெட்டிக் கதவு சாத்தியது. மணி குரைக்கவில்லை. கம்பி வழியாக என் விரலை ஒரு தரம் நக்கினான். புடவை மடிப்பின்மேல் முகவாயை வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து, வெற்றிடமாகக் கிடந்த கூடத்து மூலையைப் பெருக்கும்போதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பேத்தி டெலிபோனில் கூப்பிட்டாள். ஹீத்ரோ விமான நிலையத்தில் பிராணிகளுக்கென்றே ஒரு வரவேற்பு நிலையம் இருக்கிறது. அங்கே சிப்பையும் காகிதங்களையும் சரிபார்க்கச் சில மணி நேரம் ஆயிற்றாம். "பாட்டி, ஒரு காகிதத்தில்கூடத் தப்பு இல்லை என்றார்கள். மணி அப்பாவைப் பார்த்ததும் அழுதான், பாட்டி. அப்பாவும் அழுதார்."

வாசக சகோதரிகளே! எல்லாரும் இப்படிச் செய்ய முடியாது. எனக்குத் தெரியும். பதினாலு வயது நாயை, இருதயம் பலவீனமான நாயை, அத்தனை தூரம் அனுப்புவது அன்பு ஆகாது. கையில் பணமில்லாதவர்களைக் குற்றம் சொல்லவும் நான் வரவில்லை. அழைத்துப்போக முடியாது என்றால், அந்தத் தீர்மானத்தையும் நாலு மாதம் முன்பே செய்துவிடுங்கள். பழகிய வீடு ஒன்றைத் தேடுங்கள். நீங்கள் இருக்கும்போதே அந்த வீட்டாரை வந்து சோறு போடச் சொல்லுங்கள். ஓர் இரவு, இரண்டு இரவு அங்கே தூங்க விடுங்கள். அழைத்துப் போகிறவர்களுக்கும் விட்டுப் போகிறவர்களுக்கும் வேண்டியது ஒன்றேதான்: நாள்.

இன்னொரு விஷயம் என் மனசை உறுத்துகிறது. மூன்று மாதம், ரத்தப் பரிசோதனை, பட்டியல் என்று உலகம் நம் நாய்களை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறதே, ஏன்? அவர்கள் நாட்டில் ஒழிந்த நோய் நம் தெருவில் இன்னும் உலாவுகிறது. ஆண்டுதோறும் நம் தேசத்தில் ஆயிரக்கணக்கான பேர், பெரும் பங்கு ஏழைகள், அதிலும் குழந்தைகள் அதிகம், இந்த நோயால் மடிகிறார்கள். அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பிழைக்கலாம். இதற்கு ஊசி இல்லாத தேசமா நம்முடையது? 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிவிட்டதே!

கோவாவில் தெரு நாய்களுக்கு வருஷந்தோறும் விடாமல் ஊசி போட்டு, 2021-ல் நோய் கட்டுக்குள் வந்த பிரதேசம் என்று அறிவித்திருக்கிறார்கள். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது சாஸ்திரம் கண்ட கணக்கு. செப்டம்பர் 28-ஆம் தேதி, பாஸ்டர் காலமான நாள், உலக வெறிநோய் தினம். அன்றைக்குப் பல ஊர்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். சீமைக்குப் போகிற நாய்க்கு மட்டும்தான் ஊசி என்று இருக்காதீர்கள். உங்கள் வாசலில் மீந்த சாதத்துக்கு வந்து நிற்கிறதே, பெயரில்லாத ஒன்று, அதையும் அன்று கூட அழைத்துப் போங்கள். அதற்கும் ஒரு நாள் பாருங்கள்.